பெரிய ஏர்லைன் தன் சின்னக் கம்பெனியை விற்றால் என்ன ஆகும்? சோமனூர் அண்ணனுக்கு ஒரு பதில்

சோமனூர்ப் பக்கம் தறிக்கூடம் வைத்திருக்கும் ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அவர் மகள் கல்யாணமாகி அமெரிக்காவில் குடியேறி, அங்கேயே பைலட் படிப்பு முடித்து, இப்போது ஒரு வட்டார விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது கேப்டனுக்குப் பக்கத்தில் உட்காரும் துணை பைலட். அந்த நிறுவனம் ஒரு பெரிய ஏர்லைனுக்குச் சொந்தம். அதை விற்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. "வித்துப்போட்டா என்னங்க ஆவும்? புள்ளைக்கு வேல போயிருமுங்களா? அவ ஓட்டற பிளேனெல்லாம் யாருதுங்க?" இதுதான் அவர் கேட்டது. நான் இருபது வருடத்துக்கு மேல் விமான நிறுவனங்களில் ரூட் திட்டமிடலிலும், யாருக்கு எந்த நாள் எந்த விமானம் என்ற ரோஸ்டர் போடுவதிலும் இருந்தவன், இப்போது பீளமேட்டில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சுருக்கமாகச் சொன்னால் பயம்தான் மிஞ்சும்.

அண்ணா, விற்ற அன்றைக்கு ஒன்றுமே மாறாது. விமானத்தில் அதே பெயிண்ட், அதே யூனிஃபார்ம், டிக்கெட்டில் அதே பெரிய ஏர்லைனின் பெயர். பயணிகளில் முக்கால்வாசிப் பேருக்கு விற்றதே தெரியாது. மாறுவது ஒரு ஒப்பந்தக் காகிதம்தான், ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போவது அதுதான்.

அந்தக் காகிதத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை, தினமும் அதில்தான் வாழ்கிறீர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் கொடுக்கிறார், நீங்கள் நெய்து கொடுக்கிறீர்கள், கூலி வாங்குகிறீர்கள். என்ன ரகம், எத்தனை மீட்டர், எங்கே என்ன விலைக்கு விற்பது என்பதெல்லாம் அவர் பாடு. தறி உங்களுடையது, ஆள் உங்களுடையவர்கள், கரண்ட் பில் உங்களுடையது. அமெரிக்காவில் வட்டார நிறுவனங்களில் பெரும்பாலானவை ஓடுவது அச்சு அசலாக இப்படித்தான். எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பறப்பது, டிக்கெட் என்ன விலை என்பதைப் பெரிய ஏர்லைன் முடிவு செய்யும். டிக்கெட் பணமெல்லாம் அதற்கே போகும். எரிபொருள் செலவையும் பெரும்பாலும் அதுவே ஏற்கும், அதுதான் நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நிறுவனத்துக்குக் கிடைப்பது கூலி. விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து போய் நிற்கும் வரை உள்ள நேரத்தை பிளாக் ஹவர் என்பார்கள், அதற்கு இவ்வளவு, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் இவ்வளவு, மாதத்துக்கு ஒரு நிலையான தொகை, நேரத்துக்குப் பறந்தால் ஊக்கத்தொகை. இதற்குப் பெயர் கெப்பாசிட்டி பர்ச்சேஸ் ஒப்பந்தம்.

துணை நிறுவனமாக இருக்கும்போதும் பெரும்பாலும் இதே கணக்குதான். ஆனால் அது ஒரே குடும்பத்துக்குள் போடும் கணக்கு, நஷ்டம் வந்தால் தாய்க் கம்பெனியின் புத்தகத்தில்தான் விழும். விற்ற பிறகு அது நிஜமான கூலி ஆகிவிடுகிறது. கூலி கட்டுப்படி ஆகவில்லை என்றால் எங்கே போய் நிற்பது என்பது உங்களுக்குத் தெரியும். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியபோது எத்தனை நாள் ஆயிற்று, அதற்குள் எத்தனை பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்!

சரி, பிறகு ஏன் விற்கிறார்கள்? பணத்தட்டுப்பாடு ஒரு காரணம். டெல்டா ஏர்லைன்ஸ் தன் துணை நிறுவனமான அட்லாண்டிக் சவுத்ஈஸ்ட்டை 2005 செப்டம்பரில் ஸ்கைவெஸ்ட் நிறுவனத்துக்கு 425 மில்லியன் டாலருக்கு விற்று முடித்தது, அதே மாதம் 14ஆம் தேதி திவால் மனு போட்டது (அங்கே திவால் மனு என்றால் உடனே மூடுவது இல்லை, பறந்துகொண்டே கடனைச் சீரமைப்பது). அவ்வளவு நெருக்கடியில் நடந்த விற்பனை. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது, கூடவே 15 வருடத்துக்குப் பறக்கும் ஒப்பந்தத்தையும் டெல்டா எழுதிக் கொடுத்தது என்பதுதான். ஸ்கைவெஸ்ட் அவ்வளவு பணம் கொடுத்தது விமானங்களுக்கோ பெயருக்கோ கிடையாது, அந்த 15 வருடக் கூலிக்கு. அதாவது டெல்டா இன்றைக்குக் கையில் பணத்தை வாங்கிக்கொண்டு அதையே கூலியாக வருடாவருடம் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. கிட்டத்தட்ட ஒரு கடன்தான், பத்திரத்தில் விற்பனை என்று எழுதியிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்தமாதிரி. விற்ற விலை எவ்வளவு என்று பேப்பரில் வருவதைப் பார்க்காதீர்கள், ஒப்பந்தம் எத்தனை வருடம், எத்தனை விமானத்துக்கு என்று பாருங்கள்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. சொந்தக் கம்பெனியாக இருந்தால் அதற்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும். வெளியே தள்ளிவிட்டால், நான்கு வட்டார நிறுவனங்களை வரிசையில் நிறுத்தி யார் குறைந்த கூலிக்குப் பறப்பீர்கள் என்று கேட்கலாம். எக்ஸ்பிரஸ்ஜெட் கதையை இதற்காகவே விரிவாகச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்பிரஸ்ஜெட் கான்டினென்டல் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். 2002இல் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டார்கள். 274 ஜெட், எல்லாம் 50 இருக்கைக்குள், எல்லாமே கான்டினென்டலுக்காக மட்டும் பறந்தவை. ஒரே ஆளிடம் பாவு வாங்கி முந்நூறு தறி ஓட்டுகிற மாதிரி. சில வருடத்தில் கூலி ஒத்துவரவில்லை என்று கான்டினென்டல் சொன்னது. 274இல் 69 விமானங்களை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தது, அந்த வேலையில் ஒரு பகுதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்தது. எக்ஸ்பிரஸ்ஜெட்டுக்கு அப்போது இரண்டு வழி, அந்த 69 விமானங்களைத் திருப்பிக் கொடுத்து ஆட்களைக் குறைப்பது, இல்லையென்றால் தானே வைத்துக்கொண்டு தன் பெயரில் டிக்கெட் விற்பது. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2007இல் சொந்தப் பெயரில் பறக்க ஆரம்பித்தார்கள், பெரிய ஏர்லைன்கள் நேரடியாகப் போகாத நடுத்தர ஊர்களுக்கு. சேவை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூலிக்கு நெய்தவர் திடீரென்று நூலையும் தானே வாங்கி, துணியையும் தானே விற்கக் கிளம்பினால் நூல் விலை ஏறும் அன்றைக்கு என்ன ஆகும்? 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பேரல் 147 டாலரைத் தொட்டது. 50 இருக்கை ஜெட்டில் எரிபொருள் செலவைப் பிரித்துப் போட ஆள் போதாது. செப்டம்பர் தொடக்கத்தில் சொந்தப் பெயர் சேவையை மூடினார்கள். 2010இல் ஸ்கைவெஸ்ட் வாங்கி, மேலே சொன்ன அட்லாண்டிக் சவுத்ஈஸ்ட்டோடு சேர்த்தது. இரண்டு தாய்க் கம்பெனிகள் தனித்தனியாக விட்டுவிட்ட இரண்டு பிள்ளைகள் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி. பிறகு இன்னொருவர் கைக்கு மாறி, கடைசியில் கொரோனா வருடத்தில், 2020இல், கான்டினென்டலைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட யுனைடெட் அந்த ரக விமான வேலையை வேறொரு சின்ன நிறுவனத்துக்குக் கொடுத்தது, எக்ஸ்பிரஸ்ஜெட் செப்டம்பர் 30ஆம் தேதியோடு பறப்பதை நிறுத்தியது. அங்கே இருபது, முப்பது வருடம் இருந்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது மனசு கேட்கவே இல்லை.

இதற்கு நேர்மாறாக, போன மாடு திரும்பி வந்த கதையும் இருக்கிறது. நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 2003இல் பினக்கிள் என்ற துணை நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்கு அனுப்பியது. பினக்கிள் 2007இல் கோல்கன் ஏர் என்ற இன்னொரு சின்ன நிறுவனத்தை வாங்கியது. இதற்கிடையில் நார்த்வெஸ்ட்டே டெல்டாவோடு இணைந்துவிட்டது. 2010 ஜூலையில் டெல்டா மெசாபா என்ற தன் துணை நிறுவனத்தை 62 மில்லியன் டாலருக்குப் பினக்கிளிடம் விற்றது, காம்பஸ் என்பதை இன்னொருவருக்கு விற்றது. மூன்று நிறுவனம், மூன்று விதமான விமானம், மூன்று சீனியாரிட்டிப் பட்டியல், எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கட்டி மேய்க்க பினக்கிளால் முடியவில்லை. 2012 ஏப்ரல் 1 அன்று திவால். பைலட்டுகள் சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்ட பிறகு, 2013இல் டெல்டாவே முழுசாக எடுத்துக்கொண்டு எண்டெவர் ஏர் என்று பெயர் மாற்றியது. இன்றைக்கும் பறக்கிறது. வெளியே போய் வந்த பத்து வருடத்தில் ஊழியர்கள் இழந்ததை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

கோல்கன் பெயரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்த விமானம் கோல்கனுடையது, 50 உயிர் போயிற்று. டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். ஓட்டுவது யார் என்று பயணிக்குத் தெரியாமலே டிக்கெட் விற்கலாமா என்ற கேள்வி அப்போதுதான் அங்கே உரக்க எழுந்தது. 2010இல் வந்த சட்டம் இயக்குவது எந்த நிறுவனம் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும் என்றது. ஃபர்ஸ்ட் ஆபீசருக்கே 1,500 மணி நேரப் பறத்தல் வேண்டும் என்ற விதியும் அதன் வழியாக வந்ததுதான். உங்கள் மகள் அத்தனை மணி நேரம் சேர்க்கப் பட்ட பாட்டின் பின்னால் அந்த ஐம்பது குடும்பங்களின் போராட்டம் இருக்கிறது.

எல்லாம் கெட்டுத்தான் போகும் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் ஏர் கனடா தன் ஜாஸ் நிறுவனத்தை 2006இல் வெளியே விட்டது, இன்றைக்கும் ஏர் கனடாவுக்காகவே பறக்கிறது. ஒப்பந்தம் 2035 வரை, 2019இல் ஏர் கனடாவே அதன் தாய் நிறுவனத்தில் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பங்கு வாங்கியது. நீண்ட ஒப்பந்தம், இரண்டு பக்கத்துப் பணமும் உள்ளே, அதனால் நிற்கிறது. தாய்க் கம்பெனியிடமே இருந்துவிட்டால் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. டெல்டா காம்ஏர் என்ற தன் துணை நிறுவனத்தை விற்கவில்லை, 2012 செப்டம்பரில் ஒரேயடியாக மூடியது. விற்கப் போகிறோம் என்ற அறிவிப்பெல்லாம் நடந்துவிடுவதும் இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஈகிள் என்ற தன் துணை நிறுவனத்தை வெளியே விடப் போவதாக 2007இல் சொன்னது, தள்ளிப் போட்டது, 2011இல் திரும்பச் சொன்னது, அந்த வருடக் கடைசியில் தானே திவாலுக்குப் போனது, ஈகிள் இன்றுவரை என்வாய் என்ற பெயரில் அதனிடமே இருக்கிறது.

இப்போது மகள் விஷயம். பைலட்டுக்குச் சொத்து என்பது லைசென்ஸும் சீனியாரிட்டி எண்ணும். லைசென்ஸ் எங்கே போனாலும் கூட வரும். எண் வராது. எந்த ரூட், எந்த நாள் லீவு, எப்போது கேப்டன் ஆவது, ஆட்குறைப்பில் யார் முதலில் வெளியே என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். பதினைந்து வருடக் கேப்டனாக இருந்தாலும் நிறுவனம் மூடி இன்னொன்றில் சேர்ந்தால் பட்டியலின் கடைசியில்தான் நிற்க வேண்டும். இன்னொரு கொடுமை, நிறுவனம் வயதாக ஆக ஊழியர்களின் சம்பளம் ஏறும், அதனாலேயே அதன் கூலி மற்றவர்களைவிட அதிகமாகும், அடுத்த ஒப்பந்தம் நேற்று ஆரம்பித்த இளம் நிறுவனத்துக்குப் போகும். நன்றாக உழைத்துப் பல வருடம் நீடித்ததே அந்த நிறுவனத்தின் தலையில் சுமையாக வந்து விடிகிறது. இது எனக்குக் கடைசி வரை ஜீரணிக்க முடியாத விஷயம். நான் ரோஸ்டர் போட்ட இடத்தில் ஒருமுறை இப்படிப் பிரிவு நடந்தது, பெயர் வேண்டாம். நாற்பத்தெட்டு வயதுக் கேப்டன் ஒருவர் புதிய இடத்தில் சேர்ந்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லீவு கிடைக்காத ஜூனியராக என் முன்னால் உட்கார்ந்து ரோஸ்டர் கேட்ட முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் விமானங்கள். பறப்பது யார் என்பது வேறு, விமானம் யாருடையது என்பது வேறு. பல நேரங்களில் விமானத்தின் சொந்தக்காரர் பெரிய ஏர்லைன், இல்லையென்றால் லீஸ் நிறுவனம். பெரிய ஏர்லைனுடையது என்றால் ஒப்பந்தம் முடிந்த அன்று விமானத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும், தறிக்கூடம் மட்டும் மிஞ்சும். சின்ன நிறுவனமே லீஸ் எடுத்திருந்தால் வேலை போன பிறகும் வாடகை ஓடும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

சின்ன ஊர்களைப் பற்றியும் கொஞ்சம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2007இல் பிஏ கனெக்ட் என்ற தன் வட்டாரப் பிரிவை ஃப்ளைபி நிறுவனத்திடம் ஒப்படைத்து, 15 சதவீதப் பங்கை வைத்துக்கொண்டது. ஃப்ளைபி 2020 மார்ச் 5 அன்று விழுந்தபோது பெல்ஃபாஸ்ட் சிட்டி, சௌத்தாம்ப்டன், எக்ஸெட்டர் விமான நிலையங்களின் பலகையில் பெரும்பாலான வரிகள் ஒரே நாளில் காலியாயின. நார்வேயில் எஸ்ஏஎஸ் என்ற பெரிய ஏர்லைன் 2013இல் வெளியே விட்ட விடெரோ என்ற வட்டார நிறுவனம் அப்படி விழவில்லை. குளிர்காலத்தில் ரோடு போகாத ஊர்களுக்கு அரசே பணம் கொடுத்துப் பறக்கச் சொல்லும் ரூட்டுகள் அதனிடம் நிறைய இருந்தன. தாய்க் கம்பெனி போனாலும் அரசின் ஒப்பந்தம் இருந்தது. 2024இல் நார்வீஜியன் ஏர் அதை வாங்கியது.

நம் பக்கத்தில் இதே கதை தலைகீழாக நடந்தது. 1996இல் இந்தியன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாக ஆரம்பித்தது அலையன்ஸ் ஏர். 2017 ஏப்ரல் 27 அன்று, சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்ததே, அது அலையன்ஸ் ஏர்தான். 2021 அக்டோபரில் டாடா 18,000 கோடிக்கு ஏர் இந்தியாவை எடுத்தபோது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் கூடப் போயிற்று, அலையன்ஸ் ஏர் போகவில்லை, அரசிடமே நின்றுவிட்டது. பாகம் பிரிக்கும்போது காடு ஒருத்தருக்கும் கிணறு இன்னொருத்தருக்கும் போனால் என்ன ஆகும் என்று நம் ஊரில் சொல்லித்தர வேண்டுமா? அதுவரை ஏர் இந்தியா டிக்கெட்டிலேயே, ஏர் இந்தியா எண்ணிலேயே அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் (இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம்) பயணங்களுக்கும் டிக்கெட் விற்கப்பட்டது. 2022 ஏப்ரல் 15 முதல் தனி எண், தனி வெப்சைட், தனி கால் சென்டர். கையில் டிக்கெட் வைத்திருந்தவர்கள், விமான எண் 9இல் ஆரம்பித்தால் அலையன்ஸ் ஏரிடம் போய்க் கேளுங்கள் என்ற அறிவிப்பைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருபவரை ஒரே டிக்கெட்டில் சின்ன ஊர் வரை கொண்டுவந்து விடும் அந்தத் தொடர்ச்சிதான் வட்டார நிறுவனத்துக்குக் கிணறு. அது இல்லாவிட்டால் மானாவாரிதான்.

கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது. பெரிய ஏர்லைன் எதன் தயவும் இல்லாத தனி நிறுவனம், 2022இல் மொத்தமாகவே நின்றுபோனது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. இண்டிகோ தன் ஏடிஆர்களுக்கென்று தனிக் கம்பெனி வைக்கவே இல்லை, அதே பெயர், அதே டிக்கெட், பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இறங்கி அடுத்த விமானம் ஏறலாம். நம் மாதிரி ஊர்களுக்கு அந்த முறைதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூர் போனவர்களுக்கு சில்க்ஏர் ஞாபகம் இருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதை விற்கவில்லை, நம் ரூட்டைத் தன் இன்னொரு நிறுவனமான ஸ்கூட்டுக்கு மாற்றிவிட்டு, சில்க்ஏரைத் தனக்குள் கரைத்துக்கொண்டது. இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

அதனால் அண்ணா, இன்றைக்கே வேலை போகாது. விற்பனை முடிய மாதக்கணக்கில் ஆகும், முடிந்த பிறகும் முதல் ஒப்பந்தக் காலம் பெரும்பாலும் அமைதியாகவே போகும். மகளிடம் சொல்லி யூனியன் ஆட்களிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருடம், இடையில் விமானங்களை உருவிக்கொள்ளும் உரிமை பெரிய ஏர்லைனுக்கு இருக்கிறதா, விமானங்கள் யார் பெயரில் இருக்கின்றன, பெரிய ஏர்லைனுக்கு பைலட்டாக மேலே போகும் வழி என்று ஏதாவது எழுத்தில் இருந்தால் விற்ற பிறகும் அது செல்லுமா. கடைசிக் கேள்வி அவர் வயதில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அந்த வழி அடைபடும் என்று தெரிந்தால், கேப்டன் பதவி உயர்வுக்காகக் காத்திருக்காமல், கையில் மணி நேரம் சேர்ந்ததும் பெரிய ஏர்லைன்களுக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்வேன். ஒரு வருடம் முன்னால் சேர்ந்தால் சீனியாரிட்டிப் பட்டியலில் அத்தனை பேருக்கு மேலே இருப்பார்.

ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்பதை மட்டும் முதலில் கேட்டு எனக்குச் சொல்லுங்கள், மீதியை அதை வைத்துக்கொண்டு பேசலாம்.